மருமகனின் கருவிப் பை

தச்சர் தம் மரத்தைக் கண்ணால் காண்கிறார். கொல்லர் இரும்பு சிவந்து வருவதைக் காண்கிறார். தையல் வேலை செய்பவர் துணியின் நூலோட்டத்தை விரலால் தடவி அறிகிறார். மின்சார வேலை செய்பவருக்கு மட்டும் தாம் கையாளும் பொருள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, காதுக்கும் எட்டுவதில்லை. விரலால் தொட்டு அறியலாமே என்றால், அதுவே அவர் அறியும் கடைசிச் செய்தியாக முடிந்துவிடக் கூடும். ஆதலின் இத்தொழிலில் வெட்டுவதும் முறுக்குவதும் திருகுவதும் கருவியின் இரண்டாவது வேலைகளே. இந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்று காட்டித் தருவதே அதன் முதல் வேலை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கருவி வாங்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

இதை எழுத நேர்ந்தது என் தங்கை மகனை முன்னிட்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் திருத்தணியில் ஒரு வயர்மேனிடம் அவன் உதவியாளாகச் சேர்ந்தான். பகலில் வயரிங் வேலை. இரவில் பழுதான எல்.இ.டி. பல்புகளைப் பிரித்துச் சரிசெய்வதில் தீராத ஆசை. "படித்த பிள்ளை சுவரை உடைக்கப் போகிறானா?" என்று உறவில் சிலர் முகம் சுளித்தனர். நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் இரும்பை வளைத்துக் கவசம் செய்து தம் கை உழைப்பில் உண்டவர்கள் என்பதை ஜும்ஆ மேடையில் கேட்கும்போது தலையசைக்கும் நாம், அதே உழைப்பு நம் வீட்டுப் பிள்ளையிடம் வரும்போது ஏன் சுருங்கிப் போகிறோமோ தெரியவில்லை. தங்கை அப்பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. தையல் கூலியில் மிச்சம் பிடித்த மூவாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்து, "அண்ணே, இவனுக்கு வேண்டிய சாமான்களை நீங்களே கூட இருந்து வாங்கிக் கொடுங்கள். எதை வாங்கினாலும், பிள்ளை மஃரிபுக்குப் பத்திரமாக வீடு திரும்புகிற மாதிரி வாங்குங்கள்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பையனோ ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தான். கைப்பேசியில் விளம்பரமாக வந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள். விலையோ ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒரே பிடியில் மாட்டித் திருகும் முனைகள் இருபதுக்கு மேல், சைக்கிள் கடைக்கு ஆகும் ஆறுமூலைச் சாவிகள், ஒரு குட்டிச் சுத்தியல், ஒரு ரம்பம், பென்சிலை விட மெல்லியதாக ஒரு டெஸ்டர். "மாமா, இதில் எல்லாம் இருக்கிறதே!" என்றான். "எல்லாம் இருக்கிறது தம்பி. நீ எதை நம்பிக் கம்பியைத் தொடுவாயோ, அதுதான் இல்லை" என்றேன்.

எங்கள் கே.ஜி.கண்டிகை, திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் இருக்கிறது. 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது; இன்றும் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். இங்கு மின்சார வேலை என்பது வீட்டு விளக்கோடு நின்றுவிடுவதில்லை. வயலுக்கு வயல் கிணற்று மோட்டார். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கம் போனால் விசைத்தறிகள். ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி மலையடிவாரமெங்கும் விளக்குத் தோரணங்கள். மோட்டாருக்கும் மூன்று ஃபேஸ் இணைப்புக்கும் வரும்போது இரு ஃபேஸ் கம்பிகளுக்கிடையே நானூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று அதைச் சோதிக்கப் போகிற பையனுக்குத்தான் நாம் பை நிரப்புகிறோம்.

உள்ளூரிலேயே வாங்கலாம், திருத்தணிக் கடைவீதியில் நல்ல சாமான்களும் கிடைக்கும். ஆனாலும் பையன் நாலைந்து விதங்களைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். எனவே மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் புறப்பட்டோம். அந்த ரயில் போய் நிற்கும் மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்கு வெறும் நிலையப் பெயர். 1985 மே மாதம் தீக்கிரையாகும் வரை அங்கே நின்ற மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்திலிருந்து பழைய கருவி வரை எல்லாம் பேரத்துக்குக் கிடைத்தன. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ரிச்சி தெரு. ஒரு தெருவின் பெயராலே அழைத்தாலும் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாயபு தெரு என்று அக்கம்பக்கத்துச் சந்துகளெல்லாம் சேர்ந்த அங்காடி அது. அங்கே போவோர்க்கு ஒரே ஓர் எச்சரிக்கை: பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். பளபளப்பு நம் பணத்தைப் பேசாமலே வாங்கிவிடும்.

முதலில் வாங்கியது டெஸ்டர், அதுவும் இரண்டு. வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கும் எளிய சாமான்தான். திருப்புளி போன்ற முனை. பிடிக்குள் ஒரு நியான் விளக்கு. அதனோடு தொடராகப் பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு மின்தடை. முனையைக் கம்பியில் வைத்து, தலையில் உள்ள உலோகத்தை விரலால் தொட்டால், நம் உடல் வழியாகவே மின்சாரம் தரைக்குப் போகிறது. ஆம், நம் உடல் வழியாகத்தான். 230 வோல்ட்டை அந்தத் தடை ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்கிற்கும் குறைவாக அடக்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் உடல் உணரத் தொடங்கும். பத்தை எட்டினால் பிடித்த கை விடுபடாது. முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. ஆக, பத்து ரூபாய் டெஸ்டரில் உள்ள அந்தச் சிறு தடையின் தரத்தில் ஓர் உயிர் தொங்குகிறது. கண்ணாடிபோல் தெளிந்த பிடி, விரிசலற்ற உறை, முனைவரை மூடிய காப்பு, இம்மூன்றையும் பார்த்து வாங்கினோம். விலையில் நூறு ரூபாய் வேறுபாடுகூட இல்லை.

இனித் தங்கையின் அச்சத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். நானும் இன்னொருவரும் ஒரே ஆசானிடம் வேலை கற்றோம். அவர் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் விளக்கு வயரிங் செய்தவரும் அவரே. தங்கை அப்போது சிறுமி. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். 1986-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், ஒரு கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறந்து அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மின்சாரம் இல்லை என்று கம்பியைப் பிடித்தார். மின்சாரம் இருந்தது, டெஸ்டருக்குள் இருந்த விளக்குத்தான் உயிரற்றுப் போயிருந்தது. அவருக்கு வயது இருபத்து நான்கு.

எங்கள் ஆசான் அதற்கு முன்பும் பின்பும் ஓயாமல் சொன்னது ஒன்றுதான். வேலை செய்யப்போகும் கம்பியில் வைப்பதற்கு முன், மின்சாரம் இருப்பதாக நன்கு தெரிந்த இடத்தில் டெஸ்டரை வை, எரிகிறதா பார். பிறகு வேலை செய்யும் கம்பியில் வை. எரியவில்லையா? உடனே கம்பியைத் தொடாதே. மறுபடியும் போய்த் தெரிந்த இடத்தில் வைத்துப் பார். மூன்றாவதாகவும் எரிந்தால்தான் நடுவில் எரியாதது உண்மை. மொத்தம் அரை நிமிட வேலை. 'அல்லாஹ் காப்பான்' என்று சொல்லி இந்த அரை நிமிடத்தை விட்டுவிடுகிற பிள்ளைகளுக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை நினைவூட்டுவது என் வழக்கம்.

டெஸ்டர் வேறு விதங்களிலும் பொய் சொல்லும். நல்ல வெயிலில் அதன் செந்நிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த மர முக்காலியில் நின்றால் தரைக்கு வழியின்றி மங்கி எரியும். ஒரே குழாயில் மின்சாரம் ஓடும் கம்பியோடு படுத்திருக்கும் வெறுங்கம்பியில், யாரும் கொடுக்காத மின்சாரம் இருப்பதுபோல் மினுக்கும். எல்லாவற்றிலும் விந்தையானது, பிளக் துளை இரண்டிலும் எரிவது. புதிதாகக் கற்பவன் இதைக் கண்டால் திகைத்துவிடுவான். நியூட்ரல் கம்பி எங்கோ அறுந்திருக்கும். வீட்டில் ஏதோ ஒரு விளக்கோ விசிறியோ சுவிட்ச் போட்டபடி இருக்கும். ஃபேஸ் மின்சாரம் அதன் வழியே புகுந்து நியூட்ரல் துளைக்கும் வந்து நிற்கும். விளக்கு எரியாது, விசிறி சுழலாது. ஆனால் இரண்டு கம்பியும் அடிக்கும்.

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகள் இதில் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். சவூதி அரேபியாவில் நெடுங்காலம் 127/220 வோல்ட் முறை வழங்கியது. அங்கே 220 வோல்ட் என்பது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடைப்பட்டதன்று. இரண்டு ஃபேஸ்களுக்கு இடைப்பட்டது. 2010-இல் 230/400 முறைக்கு மாற முடிவெடுத்தார்கள் எனினும், பழைய முறையில் அமைந்த கட்டடத்தில் டெஸ்டர் இரு துளையிலும் எரிந்தால் அங்கே அது பழுதன்று, அதுவே இயல்பு. ஊரில் கற்ற பாடத்தை வைத்து "நியூட்ரல் அறுந்திருக்கிறது" என்று தேடப் புகுந்தால் நாள் முழுவதும் தேட வேண்டியதுதான்.

டெஸ்டரின் சொல்லுக்குச் சாட்சி வேண்டும் அல்லவா? அந்தச் சாட்சி டெஸ்ட் லாம்ப். இதை வாங்க வேண்டியதில்லை, செய்துகொள்ளலாம். ஒரு ஹோல்டர், 60 வாட் குண்டு பல்பு ஒன்று, ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு நல்ல வயர், முனையில் சில மில்லி மீட்டர் மட்டும் உலோகம் வெளியே தெரியும் காப்பிட்ட ஊசிகள், ஒரு வயரில் சிறு ஃப்யூஸ். இந்த விளக்கு கால் ஆம்பியர் அளவுக்கு உண்மையாகவே மின்சாரத்தை இழுத்து எரிவதால், மினுக்கும் பொய் மின்சாரம் இதனிடம் செல்லாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்து முழு ஒளியில் எரிந்தால், ஃபேஸ் மட்டுமன்றி நியூட்ரலும் முழுமையாக இருக்கிறது என்று பொருள். டெஸ்டர் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லவே சொல்லாது.

மோட்டார் இணைப்பில் மட்டும் கவனம் தேவை. இரு ஃபேஸ்களுக்கிடையே ஒரு பல்பை வைத்தால் வெடித்துவிடும்; ஒரே வாட் அளவுள்ள இரண்டைத் தொடராக இணைத்தே வைக்க வேண்டும். பல்பு இழையுள்ள பழைய குண்டு பல்பாகவே இருத்தல் வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். எல்.இ.டி. பல்பு மிகச் சிறிய கசிவு மின்சாரத்திலும் மங்கி ஒளிரும். அதுவும் டெஸ்டரைப் போலவே பொய்ச் சாட்சி சொல்லிவிடும். குண்டு பல்பு இப்போது கடைக்குக் கடை கிடைப்பதில்லை. ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு, கடைசியில் அதை எங்கள் ஊர் மளிகைக் கடையின் பரணிலிருந்துதான் எடுத்தோம்! நான்கு இருந்தன, நான்கையும் வாங்கிவிட்டேன்.

ஏனெனில் அதே பல்புக்கு இன்னொரு பயன் உண்டு. அந்நாளைய ரேடியோ மெக்கானிக்குகளின் மேசையில் 'சீரிஸ் போர்டு' என்று ஒரு பலகை இருக்கும். சோதிக்கும் சாமானுக்கு வரும் ஃபேஸ் கம்பி, ஒரு குண்டு பல்பின் வழியாகச் சுற்றி வரும்படி அமைந்தது. பழுது பார்த்த பெட்டியை நேரே மெயினில் சொருக மாட்டார்கள். முதலில் இந்தப் பலகையில் சொருகுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு முழு ஒளியில் எரிந்து தானே தாங்கிக்கொள்ளும். ஃப்யூஸும் போகாது, பொருளும் புகையாது. சரியாக இருந்தால் பல்பு மங்கியோ எரியாமலோ இருக்கும். பையனின் எல்.இ.டி. ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. ஒரு மரப்பலகை, ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு சுவிட்ச். ஞாயிறன்று அஸருக்குப் பின் உட்கார்ந்து இருவரும் செய்து முடித்தோம்.

மல்டி மீட்டருக்குத்தான் மூவாயிரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று எங்கும் கிடைக்கிறது. பேட்டரி பார்க்கவும், பல்பின் உள்ளே தடை அளக்கவும் அது போதும். அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் மோட்டார் ஸ்டார்ட்டரிலும் மெயின் போர்டிலும் அதை வைக்கக் கூடாது. இந்த மீட்டர்களில் பலவற்றில் பத்து ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸ் கிடையாது. துளையின் அருகிலேயே அதை அச்சிட்டிருப்பார்கள். மின்னோட்டம் அளந்த பின் ஊசியை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு, மறதியாக மெயினில் வோல்ட் பார்க்க வைத்தால், அது மீட்டராக இராது. இரு கம்பிகளையும் நேரே இணைக்கும் செப்புத் துண்டாகிவிடும். கையில் வெடிக்கும். நிலையான வீட்டு வயரிங்கிலும் போர்டிலும் பயன்படுத்தும் மீட்டர்மீது 'கேட்' என்ற ஆங்கில எழுத்துகளும், ரோமானிய எண்ணில் மூன்றும், அதன் பக்கத்தில் 600 வோல்ட் என்றும் பொறித்திருக்க வேண்டும். மின்வழியில் திடீரென எழும் எழுச்சியைத் தாங்கும் தகுதி அது. இரண்டு துளைக்கும் ஃப்யூஸ் உள்ளதா, ஊசிகளில் விரல் நழுவாமல் தடுக்கும் வளையம் உள்ளதா என்றும் பார்த்தோம். கடைக்காரர் பொறுமைசாலி, பின்மூடியைக் கழற்றி ஃப்யூஸைக் காட்டினார்.

இத்தனைக்குப் பிறகுதான் கட்டிங் பிளேயர். எட்டு அங்குலம் போதும். நாசிக்கில் செய்யப்படும் டபாரியா பெயர் இத்தொழிலில் எல்லார் வாயிலும் வரும். பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அதே நிறத்தில் போலிகளும் வரும் காலம் இது. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்குவதற்கில்லை. வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி தெரியக் கூடாது. திறந்து மூடும்போது ஆணியில் ஆட்டம் இருக்கக் கூடாது. மெல்லிய காகிதத்தை நறுக்கிப் பாருங்கள். கிழிக்காமல் வெட்ட வேண்டும். ஆனால் பலரும் அறியாத செய்தி ஒன்று: பிடியில் போட்டிருக்கும் வண்ண உறையெல்லாம் மின்காப்பு அன்று. பல பிளேயர்களில் அது பிடி வழுக்காமலிருக்கப் போட்ட வெறும் பிளாஸ்டிக். ஆயிரம் வோல்ட்டுக்குச் சோதித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். விலை ஏறத்தாழ இரு மடங்கு. அதையே வாங்கினோம். அதை வைத்துக்கொண்டு மின்சாரம் ஓடும் கம்பியை வெட்டலாம் என்பதற்காகவன்று. ஒரு நாள் கவனம் தப்பினால் அது காக்கும் என்பதற்காக.

கருவியை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கருமித்தனமன்று. நம் முன்னோருள் அல் ஜஸரீ, 1206-இல் தியார்பக்கிர் அரசவையில் இருந்துகொண்டு எந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில், ஒவ்வோர் உறுப்பையும் எப்பொருளால், எவ்வளவில், எவ்வாறு செய்து பொருத்துவது என்று பின்வருவோர் செய்துகொள்ளும்படி விளக்கியிருக்கிறார். பொருளையும் அளவையும் விசாரிப்பது நமக்குப் புதிதன்று.

திருப்புளிகளில் இரண்டே வாங்கினேன்: சுவிட்ச், சாக்கெட் திருகுகளுக்கு மெல்லிய முனை ஒன்று, பெரிய திருகுகளுக்கு அகன்ற முனை ஒன்று. தண்டு முழுவதும் உறையிட்டவை. முனை திருகின் பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். சிறிய முனையால் பெரிய திருகை முறுக்கினால் பள்ளம் சிதையும். சிதைந்த திருகு முழுதாக இறுகாது. இறுகாத இணைப்பு சூடேறும். சூடேறிய இணைப்பு ஒரு நாள் சாக்கெட்டைக் கருக்கும், பிறகு வீட்டையும். நாம் வயரிங் செய்த வீடு நமக்கு ஓர் அமானிதம். அதில் தூங்குகிறவர்கள் நம் திருகு இறுகியிருக்கிறதா என்று எழுந்து பார்க்கப் போவதில்லை.

வயரின் தோலை உரிக்க ஒரு ஸ்ட்ரிப்பர். இதைப் பலர் ஆடம்பரம் என்பார்கள். பல்லால் உரிப்பதையே திறமையாகக் கருதுவோர் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. அவர்களுடைய முன்பற்களே சாட்சி! பிளேயராலோ பிளேடாலோ உரிக்கும்போது உள்ளே இரண்டு மூன்று இழைகள் கீறப்பட்டு அறும். விளக்குக்கு 1.5 சதுர மில்லி மீட்டர், பவர் சாக்கெட்டுக்கு 2.5 என்று கணக்குப் பார்த்து வயர் வாங்கிவிட்டு, முனையில் நாமே அதை மெலிய வைப்பது என்ன நியாயம்? வயர் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லையென்றால், அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் இறைவசனங்களை நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

சால்டரிங் அயர்ன் வயரிங் வேலைக்குத் தேவையில்லை, எலக்ட்ரானிக்ஸுக்காக வாங்கியது. பையன் 60 வாட் கேட்டான். அலுமினியத் தகட்டில் பதித்த எல்.இ.டி. மணிகளை எடுக்க 25 வாட் திணறும் என்று அவன் சொன்னது உண்மைதான். ஆனால் கற்கிற கைக்கு 60 வாட் மெல்லிய செப்புத் தடங்களை உரித்தெடுத்துவிடும். முதலில் 25 வாட்டில் கை பழகட்டும் என்று முடிவு செய்தோம். ஈயம் 60/40, நடுவில் ரோசின் உள்ளது. அது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 அளவில் முழுக்க உருகும். தகரப் பற்றுக்குப் பயன்படும் அமிலப் பசையை எலக்ட்ரானிக்ஸ் பலகையில் தொடவே கூடாது. ஆறு மாதத்தில் தடங்களை அரித்துவிடும். ஈயம் நஞ்சு, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவில் கை வைக்கலாகாது.

எல்.இ.டி. பல்பைப் பிரிப்போர்க்கு இதையும் சொல்லியாக வேண்டும். 'சிறு பொருள்தானே' என்ற எண்ணம் தவறு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மெயினையும் பலகையையும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. எரியும்போது உள்ளே இருக்கும் பலகை மெயினோடு நேராகத் தொடுப்புண்டிருக்கிறது. அணைத்த பிறகும் மின்தேக்கியில் சிறிது நேரம் மின்சாரம் தங்கும்.

டிரில்லிங் மிஷின், வெட்டும் மிஷின், ரசமட்டம், குழாய்க்குள் வயர் இழுக்கும் கம்பி, இவை எதையும் வாங்கவில்லை. வயர்மேனிடம் இருக்கின்றன, கேட்டு வாங்கிப் பழகட்டும். முதல் சம்பாத்தியத்தில் அவனே வாங்குவான், இன்ஷா அல்லாஹ்.

விலையில்லாத கருவி ஒன்றை எங்கள் ஆசான் வைத்திருந்தார்: சட்டைப் பை. வேலை செய்யுமுன் மெயினில் உள்ள பீங்கான் ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் வெளியே வரும்வரை வீட்டார் எவரும் நினைத்தாலும் மின்சாரம் கொடுக்க முடியாது. இன்று கட்டை போய் எம்.சி.பி. வந்துவிட்டது, யாரும் விரலால் தட்டிவிடலாம். அதனால் அணைத்த எம்.சி.பி.மீது இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, 'வேலை நடக்கிறது' என்று எழுதி வைத்து, வீட்டாரிடம் வாயாலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பதும் இப்போது கட்டாயம். மெயினை முழுதும் அணைத்தாலும் அது தன் கம்பிகளில் 230 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். முன்னாளில் இல்லாத ஆபத்து இது. மூன்று முறை டெஸ்டர் வைக்கும் அந்தப் பழைய வழக்கம்தான் இதற்கும் மருந்து.

அரசின் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுத இருபத்தொரு வயது நிறைய வேண்டும். வேலை அனுபவமும் வேண்டும். அதுவரை உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில்தான் வேலை என்று பையனிடம் கறாராகச் சொல்லி, இன்று முதலே செய்த வேலைகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவரச் செய்திருக்கிறேன்.

எல்லாம் வாங்கி மீந்தது முந்நூற்று நாற்பது ரூபாய். தங்கையிடம் திருப்பிக் கொடுத்தேன். பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். டெஸ்டரைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். "ஏன் அண்ணே இரண்டு?" என்றாள். மகன் முந்திக்கொண்டு அந்த மூன்று முறைச் சோதனையைத் தாய்க்குச் சுவர்ச் சாக்கெட்டில் செய்து காட்டினான். பிறகு அவள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பார்த்தோம். எம்.சி.பி. இருந்தது; உடலில் மின்சாரம் பாய்ந்தால் நொடிக்குள் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை. முந்நூற்று நாற்பதோடு நான் மிச்சத்தைச் சேர்த்து ஒன்று வாங்கியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பையனின் வயர்மேன் வந்து அதைப் பொருத்துகிறார். பையன் உதவியாள்.